அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி: கனடாவில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான சங்கத்து அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒரு சின்னக் கொமினிக்கேசன் கடை என்னுடையது. போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம், ரீலோட், பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பம் எல்லாம் செய்வேன். ஆனால் கொஞ்சக் காலமாகக் கடையை நடத்துவது கனடா விசிற்றர் விசாதான். வவுனியாவில் பாஸ்போட் எடுத்த கையோடு நேரே என்னிடம் வருகிறார்கள். கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு எந்த பஸ்ஸில் போவது என்பது வரை என்னிடம்தான் கேட்பார்கள்.

உங்களில் பலருக்கும் என்னைத் தெரியும். "தம்பி, அழைப்புக் கடிதம் ஒன்று வடிவாய் அடிச்சு அனுப்பு, நான் கையெழுத்து வைச்சு ஸ்கான் பண்ணி விடுறன்" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியவர்கள்தானே நீங்கள். சாமத்தியச் சடங்கு, கலியாண வீடு, அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாள், சங்கத்தின் ஆண்டு விழா என்று காரணம் மாறும். கடைசி வரி மாறாது: அனுமதிக்கப்பட்ட காலம் முடிவதற்கு முன் இவர் இலங்கைக்குத் திரும்பிவிடுவார் என உறுதியளிக்கிறேன். அதை எத்தனை தரம் அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, கை தானாகப் போகும். நீங்களும் வாசிக்காமல்தான் கையெழுத்து வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கடிதம் வந்து சேர்ந்த அதே இரவு அதே ஆளுக்குப் போன் எடுத்து, "நீ முதலில வந்து இறங்கு, வேர்க் பெர்மிட்டை இங்க பாத்துக்கொள்ளலாம்" என்கிறீர்கள். அதையும் என் கடை வாங்கில் இருந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்கிறார்கள்.

நன்றி கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். 2009க்குப் பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்த எங்களுக்கு உங்கள் காசுதான் முதலில் வந்தது. கிணறு இறைத்ததும், பள்ளிக்கூடத்துக்குக் கணினி வந்ததும் மறக்கவில்லை. வெளியே போய் உழைக்க நினைப்பதையும் நான் பிழை சொல்லவில்லை. ஒருவருக்கு அங்கே நிரந்தரமாக வாழும் எண்ணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் கனடாச் சட்டமே அவரை விசிற்றராக வரக்கூடாது என்று தடுப்பதில்லை. காலம் முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். விசிற்றராகப் போனவர் வேலை தேடலாம், நேர்முகத்துக்கும் போகலாம். பெர்மிட் இல்லாமல் வேலை செய்யத்தான் கூடாது. என் சொந்த மருமகனுக்கே நான்தான் கடிதம் அடித்துக் கொடுத்தேன்.

அவன் என் தங்கச்சியின் மகன். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே 2 ஏக்கர் வயல், ஒரு லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம். 2024 சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் நாள், ஏப்ரல் 12ஆம் திகதி, ரொறன்ரோவில் இறங்கினான். ஒன்றுவிட்ட பெரியம்மா வீட்டுப் பேஸ்மென்றில் இடம். மூன்றாம் கிழமை சங்கத்து ஒன்றுகூடல் ஒன்றில் ஒருவரைக் கண்டான். பெயர் எழுதப் போவதில்லை. வடிவாகக் கதைப்பாராம், எல்லோருக்கும் "தம்பி, தம்பி" என்பாராம். வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளிக்கு வேண்டிய எல்எம்ஐஏ என்ற அரசாங்க முடிவைத் தானே எடுத்துத் தருவதாகவும் மொத்தம் 20,000 டொலர் என்றும் முதலில் 5,000 போதும் என்றும் சொல்லியிருக்கிறார். இங்கே லாண்ட் மாஸ்டர் விற்கப்பட்டது. தங்கச்சியின் தாலிக்கொடி வங்கியில் அடைவுக்குப் போனது. காணி மட்டும் தப்பியது. அதுவும் பெர்மிட் காணி என்பதால், பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பதால். வன்னியில் பெர்மிட் என்று சொன்னால் எங்களுக்குக் காணிதான் முதலில் நினைவுக்கு வரும். பெர்மிட் ஒன்று எங்கள் சொத்தைக் காப்பாற்றியது அந்த வகையில் மட்டும்தான்.

ஒக்ரோபர் 20. இரவு பத்தரை மணி, அங்கே பகல் ஒன்று. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒரு சின்னச் சந்தேகம். என்ர விசா 2029 வரைக்கும்தானே?"

"ஏன் கேக்கிறாய்?"

"இல்லை, இங்க ஒரு அண்ணை ஆறு மாசம்தான் எண்டு சொல்லுறார். பகிடிக்குச் சொல்லுறார் போல."

பாஸ்போட்டில் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு பக்கத்தில் விசா ஒட்டியிருந்தது, அதில் 2029 என்று இருந்தது. மற்றப் பக்கத்தில் விமான நிலையத்து முத்திரை. சோற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முத்திரைக்குக் கீழே பேனையால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். அதிகாரி ஒரு திகதி எழுதியிருந்தால் அதுதான் கடைசி நாள். ஒன்றும் எழுதாவிட்டால், சில வேளை முத்திரையே குத்தாமல் விட்டாலும், நாட்டுக்குள் கால் வைத்த நாளில் இருந்து ஆறு மாதம். கீழே வெறும் காகிதம்தான் தெரிந்தது. ஏப்ரல் 12இல் இருந்து எண்ணினால் ஒக்ரோபர் 12. எட்டு நாள் பிந்திவிட்டது.

விசா படலையைத் திறப்பதற்கு மட்டும்தான். முற்றத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அது சொல்லாது. இதை அவன் போகும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடிதம் அடித்தேன், படிவம் நிரப்பினேன், காசு கூட வாங்கவில்லை, பெருமையாக பஸ் ஏற்றி விட்டேன். திகதியைச் சொல்லவில்லை. இந்த மடலில் உங்களைக் குறை சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"வேர்க் பெர்மிட் போட்டிருக்குத்தானே மாமா, அது வரும் வரைக்கும் இருக்கலாம்தானே" என்றான். அங்கேதான் எங்கள் பெடியன்கள் எல்லோரும் தடக்கி விழுகிறார்கள். போட்டது எது, யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. எல்எம்ஐஏ என்பது முதலாளியுடைய விண்ணப்பம். இந்த வேலைக்கு வெளிநாட்டு ஆளை எடுத்தால் உள்ளூர்த் தொழிலாளருக்குக் கேடில்லை என்று அரசாங்கம் முதலாளிக்குக் கொடுக்கும் முடிவு அது. அதற்கான 1,000 டொலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் திருப்பி வாங்கவே கூடாது. அது பரிசீலனையில் இருக்கிறது என்பதால் பெடியனுக்கு ஒரு நாள் கூடக் கூடாது. அது கிடைத்த பிறகு பெடியன் தன் பெயரில் போடுவதுதான் வேர்க் பெர்மிட் விண்ணப்பம். அதைக் கனடாவுக்கு வெளியே இருந்து போடும் வகையில் போட்டால், அதுவும் அவன் உள்ளே இருக்கும் காலத்தை நீட்டாது. காலத்தை நீட்டுவதற்கு விசிற்றராகவே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 100 டொலர். காலம் முடிய 30 நாளுக்கு முன்னரே போடச் சொல்கிறார்கள். முடிவதற்கு முன் போட்டுவிட்டால், பதில் வரும் வரை சட்டப்படியே இருக்கலாம். ஆனால் விசிற்றராக இருக்கலாமே தவிர வேலை செய்ய முடியாது. கிடைக்கும் புதுத் திகதி பாஸ்போட் முடியும் திகதியைத் தாண்டவும் மாட்டாது. ஆகவே பாஸ்போட்டில் எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும்.

100 டொலர். அவன் அந்த மனிதருக்குக் கொடுத்தது 5,000.

பிறகு விசாரித்தபோது அந்த 5,000க்கு எந்த விண்ணப்பமும் போடப்படவில்லை என்று தெரிந்தது. சரி, காசைத் தின்றவரை விடுங்கள், அவருக்குச் சங்கத்தில் நாற்காலி போட்டவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வருவது வேறு. அவன் போன காலத்தில், வேலை ஒப்பந்தம் உள்ள விசிற்றர் நாட்டுக்குள் இருந்தே வேர்க் பெர்மிட் கேட்கலாம் என்ற ஏற்பாடு ஒன்று உண்மையாகவே இருந்தது. கொரோனாக் காலத்தில், 2020 ஆகஸ்ட்டில் கொண்டு வந்தது. 2025 பெப்ரவரி வரை இருக்கும் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 28ஆம் திகதி சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம், தொழிலின்மை 6 வீதமோ அதற்கு மேலோ இருந்த பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைகளுக்கு, சில துறைகள் தவிர, எல்எம்ஐஏ விண்ணப்பத்தையே எடுப்பதில்லை என்றார்கள். ரொறன்ரோவும் அதற்குள் அகப்பட்டது. அமெரிக்க எல்லையைத் தொட்டுவிட்டு உடனே திரும்பி வந்து எல்லையிலேயே பெர்மிட் வாங்கும் வழியையும் அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதியோடு அடைத்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்பட்ட அந்த மாதங்கள் முழுவதும் என் கடைக்கு உங்கள் குரல் பதிவுகள் வந்துகொண்டேதான் இருந்தன. "வந்து இறங்கு, பாத்துக்கொள்ளலாம்." ஒருவர் கூட மாற்றிச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வந்தபோது இருந்த கனடாவைத்தான் இன்றைக்கும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

மருமகன் எப்படித் தப்பினான் என்றால், காலம் முடிந்து 90 நாளுக்குள் நிலையை மீளத் தரும்படி விண்ணப்பிக்க ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது. உரிமம் உள்ள ஒரு லோயரைப் பெரியம்மா பிடித்துக் கொடுத்தார். லோயர் கேட்ட முதல் கேள்வி, "எங்கேயாவது வேலை செய்தாயா?" என்பதுதான். செய்திருந்தால் அந்த விண்ணப்பமே நின்றிருக்காது. அவன் செய்யவில்லை. நல்லொழுக்கத்தால் என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்ட இடம் ஒரு சமையல்கூடம், இரவு வேலை, கைக்காசு. போக பஸ் இல்லாததால் போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் லோயர். "வேர்க் பெர்மிட் பரிசீலனையில் இருக்கிறது என்று எழுதுவோமா?" என்று இவன் கேட்டதற்கு, இல்லாததை எழுதினால் பொய்த் தகவல் என்று 5 வருடத்துக்குக் கனடாப் பக்கமே வர முடியாது என்று சொல்லியிருக்கிறார். 2025 பங்குனியில் பதில் வந்தது: ஆனி முடியும் வரை இருக்கலாம்.

இந்தத் திகதிக் கணக்கு எங்களுக்குப் புதிது இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வன்னியில் இருந்து வவுனியாவுக்குப் போனவர்கள் நாள் கணக்கு, கிழமைக் கணக்கு, மாதக் கணக்கு என்று அங்கே தங்குவதற்கான பாஸை வைத்துக்கொண்டு எண்ணி எண்ணி இருந்தார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டுப் பாஸ் நீடிக்க வரிசையில் நின்றவர் என் ஐயா. பாஸை பொலித்தீன் பையில் சுற்றி, சேட்டுப் பைக்குள் வைத்து, மேலே ஊசி குத்தியிருப்பார். முடியும் திகதி என்ன என்று அவரை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்தப் பக்கம் வன்னியை விட்டு வெளிக்கிடவும் ஒரு பாஸ் வேண்டும், அதற்கு ஆள் பிணை வைக்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். அந்த முறையைப் புகழ்ந்து எழுதவில்லை, அந்தக் காலம் யாருக்கும் திரும்ப வரக் கூடாது. ஆனால் பிணை நின்றவருக்கு அந்தத் திகதி தெரிந்திருந்தது. இன்று நீங்கள் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறீர்கள். அவர் இறங்கிய திகதி உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இப்போது கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். ஆளை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாஸ்போட்டை வாங்கி, முத்திரையைப் பாருங்கள். கடைசித் திகதியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் ஒரு தரம் உட்கார்ந்து கதையுங்கள்: திரும்புவதா, நீடிப்பதா, நீடிப்பதென்றால் உண்மையான காரணம் என்ன, அதுவரை செலவுக்கு யார் காசு. இதற்கு ஒரு பின்னேரம் போதும்.

அடுத்தது கோடைகால ஒன்றுகூடல். கொத்துரொட்டிக்கும் கயிறிழுப்புக்கும் நடுவில் உரிமம் உள்ள ஒரு லோயரையோ ஆலோசகரையோ ஒரு மேசை போட்டு இருத்துங்கள். உரிமம் உண்டா இல்லையா என்று யாரும் இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. எல்எம்ஐஏயை விலை பேசுபவர் உங்கள் கூட்டத்துக்கு வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். கோயிலில் உண்டியலை உடைத்தவனை நாங்கள் முன்வரிசையில் இருத்துவதில்லை.

உங்களில் கடை, சமையல்கூடம், துப்புரவு ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பாவம், ஊர்ப் பெடியன்" என்று கைக்காசு வேலை கொடுப்பதை உதவி என்று நினைக்கிறீர்கள். சம்பளத்தில் பாதிதான் அவன் கைக்குப் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் பிடிபட்டால் நீடிப்பும் போய், மீளக் கேட்கும் வழியும் போய், பிறகு ஒழுங்கான வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும். உதவி செய்வதென்றால் உங்கள் கம்பனியில் இருந்து முறையாக எல்எம்ஐஏ போடுங்கள், அந்த 1,000 டொலரை நீங்களே கட்டுங்கள். அவன் இங்கே வீட்டில் இருந்து விண்ணப்பித்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, காப்புறுதியோடு வரட்டும். பிந்தும், ஓம். சிலருக்குக் கிடைக்காமலும் போகும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மருமகன் வைகாசியில் திரும்பி வந்தான். திகதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்க வந்தான். பாஸ்போட்டில் விசா 2029 வரை அப்படியே இருக்கிறது, பதிவில் வேறு பிழை ஒன்றும் ஏறவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போனோம். கோயில் வீதியில் கச்சான் கடைக்குப் பக்கத்தில், விடுமுறைக்கு வந்திருந்த உங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் அவனைக் கண்டுவிட்டு, எல்லோரும் கேட்கத்தக்கதாக, "என்னடா, கனடாவே உன்னைத் திருப்பி அனுப்பிப் போட்டுதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் மற்றப் பெடியன்கள் திகதி முடிந்த பிறகும் பேஸ்மென்றுகளில் கிடக்கிறார்கள். தாய்க்குச் சாவு வந்தாலும் வர முடியாமல், போனில் பந்தத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். சொன்ன திகதிக்குள் திரும்பி வந்தவன் உங்கள் கையெழுத்தைக் காப்பாற்றியவன். அடுத்த முறை நீங்கள் அழைப்புக் கடிதம் எழுதும்போது அந்த உறுதிமொழிக்கு ஒரு பெறுமதி இருக்கப் போவது இவனைப் போன்றவர்களால்தான். அவனைக் கோயில் வீதியில் கண்டால் "எப்ப வந்தனி?" என்று மட்டும் கேளுங்கள், அது போதும்.

அவன் இப்போது காலையில் வயலைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் என் கடையில் இருக்கிறான். இரவல் லாண்ட் மாஸ்டரில்தான் உழவு. கனடாப் படிவங்களை என்னை விட அவன் நன்றாக நிரப்புகிறான். வருபவர்களிடம் முதலில் தன் பாஸ்போட்டை எடுத்து அந்த இரண்டு பக்கத்தையும் காட்டுகிறான், பிறகுதான் காசைப் பற்றிக் கதைக்கிறான். போன மாதம் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, யோசித்து வருகிறோம் என்று எழும்பிப் போனார்கள். கடைக்கு நட்டம்தான்.

இந்தக் கிழமை மூன்று அழைப்புக் கடிதங்கள் மேசையில் இருக்கின்றன. மூன்றும் உங்கள் ஆட்கள் கேட்டவை. அடித்து முடித்துவிட்டேன், கடைசி வரியோடு சேர்த்துத்தான். ஆனால் அனுப்புவதற்கு முன் மூன்று பேருக்கும் போன் எடுத்து, அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் கோபித்தார். மூன்றாவது அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, அப்ப வேர்க் பெர்மிட் கதையை நான் அவனுக்குச் சொல்லேல்லை எண்டு வைப்பம், கலியாணத்துக்கு மட்டும் வந்திட்டுப் போகட்டும்" என்றார். மூன்று பேரின் இலக்கங்களையும் கடைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். ஆள் இறங்கி ஐந்தாம் மாதம் மருமகன் உங்களுக்கு எடுப்பான். இலங்கை இலக்கம் என்று பார்த்துவிட்டு வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் கொமினிக்கேசன் கடைக்காரன்